பர்மா ரிப்பன்

என் மெடல்களை யாராவது பாராட்டினால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, எவ்வளவு பொறுமை உங்களுக்கு என்பார்கள். பொறுமையும் இல்லை, மண்ணும் இல்லை. திமிர்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மைசூரில் ஒரு கல்லூரியில் சரித்திரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்று ஊரில் தங்கியிருந்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒருவர் இறந்துபோனார். மனைவி சாமான்களை ஏலம் விட்டுவிட்டுக் கப்பலேறினாள். அவருடைய மெடல்கள் தேவராஜ மொஹல்லாவின் பழைய சாமான் கடைகளில் திசைக்கொன்றாகக் கிடந்தன. ஒன்றைப் பூட்டுக்காரரிடம் பிடித்தேன், ஒன்றைக் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் என் கால் நேரே அங்கேதான் போகும்.

முதல் உலகப் போர் மெடல்களின் விளிம்பில் அவர் பெயர் பொறித்திருந்தது. இரண்டாவது போரின் நட்சத்திர மெடல்களைப் பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். ஆகவே பர்மா நட்சத்திரம் ஒன்று கைக்கு வந்தபோது, அது அவருடையதுதானா, அவர் பர்மா கரைக்குப் போனாரா என்று லண்டனுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினேன்.

பர்மா கரைக்குப் போய்வந்த மனிதர் ஒருவர் என் வீட்டில், அடுத்த அறையில் இருந்தார். அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

அவர் என் அக்காவின் கணவர். போர் முழுக்க இந்தியக் கடற்படையில் சிக்னல் வேலை பார்த்தவர். பருப்பில் கல், மேலதிகாரி வாயைத் திறந்தால் வசவு என்று பம்பாயில் மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தபோது அவரும் செய்தார். உடுப்பைப் பறித்துக்கொண்டு ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். மெடல் அதுவரை வந்து சேரவில்லை. அது வரும்வரை மார்பில் பர்மா நட்சத்திரத்தின் ரிப்பன் மட்டும்தான். உடுப்பைக் கொடுக்கும் முன் அந்தத் துண்டுத் துணியைப் பிய்த்துக் காலுறைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். கருநீலம், நடுவில் சிவப்பு, இரண்டு பக்கமும் ஆரஞ்சுக் கோடு. பிய்ந்த ஓரத்தை அக்கா வெள்ளை நூலால் மடித்துத் தைத்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். கொடி மாறிய பிறகும் அவர்களை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சொந்த அரசாங்கமாம். நினைத்தால் வயிறு எரிகிறது. எரிந்து என்ன, அந்த அரசாங்கம் செய்ததை நானும் வீட்டுக்குள் செய்தேன்.

கல்லூரியில் என் மெடல்களைக் காட்சிக்கு வைக்க ஏற்பாடானது. பர்மா நட்சத்திரத்தின் ரிப்பனைப் பூச்சி அரித்திருந்தது. உரிய ரிப்பன் இல்லாத மெடல், சேகரிப்பவன் கண்ணுக்கு மூளிதான். அக்கா கோயிலில் மாதர் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், ஜெபப் புத்தகத்தைத் திறந்து அத்தானின் ரிப்பனை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சில நாளில் ஊருக்கு வெளியே புதிதாக வந்த தொழிற்சாலையில் காவலுக்கு ஆள் எடுத்தார்கள். படையில் இருந்தவர்களுக்கு முதலிடம். காகிதம் சரியில்லாதவர்கள்கூட மார்பில் ரிப்பனைக் குத்திக்கொண்டு வரிசையில் நிற்பது வழக்கம். அத்தான் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டு ரிப்பனைத் தேடினார். அக்கா ஜெபப் புத்தகத்தை உதறினாள், அரிசி டின்னைக் கவிழ்த்தாள். நான் காப்பி குடித்துக்கொண்டே, எலி இழுத்திருக்கும் என்றேன்.

"வேதக்கார எலி மச்சான். ஜெபப் புத்தகத்துக்குள்ள போயிருக்கு பாருங்க," என்று சிரித்தார்.

வெறும் சட்டையோடு போனார். மத்தியானமே திரும்பினார். ஆள் எடுத்த பழைய ஹவில்தார் அவர் மார்பைப் பார்த்துவிட்டு, நீ எந்தப் படகில் சோறு பொங்கினாய் என்று கன்னடத்தில் கேட்டானாம். வரிசையே சிரித்ததாம். அதை அத்தான் சிரிக்காமல் சொன்னார். அப்போதாவது நான் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்திருக்கலாம். பெட்டியில் எல்லாம் தைத்து முடித்தாகிவிட்டது என்பதுதான் என் மனதில் ஓடியது. தைத்ததைப் பிரிப்பது அவ்வளவு பெரிய வேலையா?

காட்சியன்று அத்தான் அக்காவோடு வந்தார். பிரின்சிபால் என் பக்கத்தில் நின்று புகழ்ந்துகொண்டிருந்தார். அத்தான் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஓர் இடத்தில் நின்றுவிட்டார். ரிப்பனின் ஓரத்தில் அந்த வெள்ளை நூல் தெரிந்தது.

"மச்சான், இந்த ரிப்பன் யாரோடது?"

பிரின்சிபாலும் என் முகத்தைப் பார்த்தார்.

"அந்த அதிகாரியோடது," என்றேன்.

அத்தான் இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.

"அவங்க வீட்டுலயும் நல்லாத்தான் தைச்சிருக்காங்க," என்றார். பிறகு, "வரேன் சார்."

அதற்குப் பிறகு அவர் என்னை மச்சான் என்று கூப்பிடவே இல்லை. அந்த மாதமே அக்காவைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய் ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம், ஞானஸ்நானம் என்று எங்கே பார்த்தாலும் சார்தான்.

அவர் இறந்த செய்தி கேட்டதும் ரிப்பனைப் பிரித்தெடுத்துக்கொண்டு ஓடினேன். சவப்பெட்டியில் வைக்கக் கையை நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அழுதுகொண்டிருந்தவள் குரல் மட்டும் அழவில்லை.

"அவர் வரிசையில நின்னப்ப குடுத்திருக்கணும். இப்ப நீயே வெச்சுக்கோ. யாராவது கேட்டா யாரோடதுன்னு சொல்லு."

நட்சத்திரம் இப்போது ரிப்பன் இல்லாமல் தொங்குகிறது. ரிப்பன் தனியாகக் கிடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அந்த அதிகாரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ரிப்பனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன்.