ஜெர்மன் சாமான்

கிள்ளானில் ஒரு லோரி ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடமாக வேலை செய்யும் என் அப்பாவுக்கு உலகத்துப் பொருள்கள் இரண்டே வகை. "சைனா சாமான் ஆறு மாசம், ஜெர்மன் சாமான் ஆயுசுக்கும்" என்பார்.

நான் கட்டிக்கொள்ள நினைத்த பெண்ணின் அப்பாவைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை, பேரங்காடியில் வைன் அடுக்குக்கு முன்னால் நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, பட்டமும் வாங்கிய முதல் ஆள் நான். வைன் எந்தப் பாடத்திலும் வரவில்லை. கீழ்த்தட்டில் விலை குறைவான சிவப்பு வைன் ஒன்று இருந்தது. லேபிளில் ஜெர்மனி என்று போட்டிருந்தது. எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். அவளை எனக்குக் கட்டிக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அன்றைய மதியச் சாப்பாட்டில் தன் அப்பா முடிவு செய்துவிடுவார் என்று அவள் சொல்லியிருந்தாள்.

அவள் அப்பா கார்க் திறப்பானோடு வந்தார். போத்தலுக்குத் திருகுமூடிதான் என்று பார்த்ததும் அதை மேசையில் வைத்துவிட்டார். கண்ணாடி போட்டு லேபிளைப் படித்தார்.

"இனிப்பு வைன். எனக்கு ஒத்துக்கொள்ளாது. தம்பி கொண்டு வந்ததைத் தம்பியே குடியுங்கோ."

தனக்கு வேறொரு போத்தலைத் திறந்தார். அவள் தன் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

நான் குடித்தேன். கறுப்புத் திராட்சையை வெல்லம் போட்டுக் காய்ச்சியது போல் இருந்தது. கடைசியில் நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி லேசாகத் துவர்த்தது. எனக்குப் பிடித்திருந்தது. "நல்லா இருக்கு அங்கிள்" என்று சொல்லியும் தொலைத்தேன்.

"இருக்கும், இருக்கும். எங்கட வீட்டில இதைக் கேக்குக்குத்தான் ஊத்துறது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. புறப்படும்போது மூடியை இறுகத் திருகி, போத்தலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடமே நீட்டினார்.

"வீட்டுக்குக் கொண்டு போங்கோ. அப்பா குடிப்பார்தானே."

கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் இருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது. அப்பா யோசிக்க வேண்டுமாம். பை மடியில் இருந்தது.

வீட்டில் அப்பா போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, டீ குடிக்கும் கிளாஸில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தார்.

"தித்திப்பா இருக்குடா. ஜெர்மன் சாமான்லா, சும்மாவா?"

"மட்டமான சரக்குப்பா. கேக்குக்கு ஊத்துறது" என்றேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியா? எனக்கு என்னடா தெரியும். நீதான் படிச்சவன்."

எனக்கும் அது பிடித்திருந்தது என்று அப்போது சொல்லியிருக்கலாம். அவர் எழுந்து போய், மிச்சத்தைத் தொட்டியில் கொட்டி, கிளாஸைக் கழுவிக் கவிழ்க்கும்வரை நேரம் இருந்தது.