தள்ளுவண்டியில் ஒரு முனைவர் பட்டம்

வரலாற்று அலமாரியிலிருந்து தடிமனான ஒரு புத்தகத்தை உருவுகிறார் பேராசிரியை. அது இருந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி தெரிகிறது. கைப்பையிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்து அங்கே செருகி, இரண்டு தட்டு தட்டிச் சரிசெய்கிறார். கட்டையில் ஒட்டிய சீட்டில் புத்தகத்தின் பெயரும், அதன்கீழே ‘காண்க: தள்ளுவண்டி’ என்ற குறிப்பும் இருக்கின்றன. புத்தகத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு, சக்கரம் கிறீச்சிட, புவியியல் பக்கம் போகிறார். அங்கேயும் ஒரு கட்டைக்கு வேலை இருக்கிறது.

இடம் மாற்றிய புத்தகத்துக்குப் பதிலாகக் கட்டை வைப்பது நூலகங்களில் பழைய வழக்கம்தான். தேடி வருகிறவர் அதைப் பார்த்துச் சரியான அறைக்குப் போய்விடலாம். எங்கள் பல்கலைக்கழகத்து நூலக அறிவியல் பேராசிரியை வைக்கும் கட்டையோ, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியைக் கைகாட்டுகிறது. ‘தள்ளுவண்டி மேடம்’ என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. நேரிலேயே அப்படிக் கூப்பிட்டாலும் கோபம் வராது. “ஏன், என் வண்டி ஓடுதுல்ல? உங்க ஆராய்ச்சி ஓடுதா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். கூப்பிட்டவர்தான் அன்று முழுக்க முகம் சுண்டிப்போய்த் திரிவார்.

நூலக அறிவியலுக்குள் ‘உலகவியல்’ என்றொரு முனைவர் பட்டப் பிரிவு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார் மனுஷி. வண்டியில் சேர்வதெல்லாம் அதற்கான புத்தகங்கள். ஏன் என்று கேட்டால் கையைப் பிடித்து நிறுத்தி வைத்துச் சொல்வார்.

“ஒரு குடும்பம் நாடு விட்டு நாடு போகுதுன்னு வைங்க. ஏன் போனாங்க? அது வரலாறு. எந்த வழியா போனாங்க? புவியியல். போன இடத்துல எதை வித்துப் பிழைச்சாங்க? பொருளாதாரம். எந்த பாஷையில வழி கேட்டாங்க? மொழியியல். நாலு மாடி, நாலு அலமாரி. அந்தக் குடும்பத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கறதுக்குள்ள லிஃப்ட்ல ஏறி இறங்கியே நமக்கு வயசாயிடும். பிரிச்சு அடுக்கினவங்க நாங்க. சேர்த்து வைக்க வேண்டியதும் நாங்கதானே?”

கேட்கும்போது எனக்கும் நியாயமாகத்தான் படும். ஆனால் நான் கல்விக்குழுக் கூட்டங்களில் குறிப்பெழுதுகிறவன். அங்கே நியாயம் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டிலும் இதே கதைதானாம். மருந்துக்கடை வைத்திருக்கும் அவருடைய கணவர் ஒருநாள் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். “சர்க்கரை டப்பாவைத் திறந்தா உள்ள கட்டை. ‘காண்க: மேல் தட்டு’ங்குது. மேல் தட்டுல பார்த்தா, ‘காண்க: உங்கள் சர்க்கரை நோய்’ங்குது. போன வாரம் கடையை மூட லேட்டாயிடுச்சு. வந்து பார்த்தா என் தலையணையில ஒரு கட்டை படுத்திருக்கு. அதுக்குப் போர்வை வேற போத்தியிருக்கா.”

நூலகத்தில் வாசகர்களைவிடத் துறைத்தலைவர்கள்தான் அதிகம் கொதித்தார்கள். பெயரை விட்டுவிட்டுத் துறையைச் சொல்லியே அவர்களைக் கூப்பிடுவது எங்களுக்குப் பழகிவிட்டது. ஒருநாள் வரலாறு, கையில் கட்டையோடு மூச்சிரைக்க வந்தார்.

“என்னம்மா இது? புஸ்தகம்னு கையை விட்டா விறகு வருது!”

“விறகு இல்ல சார், வழிகாட்டி. திருப்பிப் பாருங்க, எழுதியிருக்கு.”

“பார்த்தேன். காலையிலேர்ந்து உங்க வண்டியைத் துரத்திக்கிட்டுதான் இருக்கேன். நான் மேல வந்தா நீங்க கீழ போறீங்க!”

“அதான் சார் நானும் சொல்றேன். நிரந்தரமா ஒரு பிரிவு குடுத்தா வண்டி ஒரே இடத்துல நிக்கும்ல?”

வரலாறு கட்டையை வண்டியிலேயே போட்டுவிட்டுப் போனார். சம்மதம் மட்டும் சொல்லவில்லை. மற்ற மூன்று துறைத்தலைவர்களும் லேசில் பிடி கொடுப்பவர்கள் இல்லை. “ரொம்ப நல்ல யோசனை” என்பார்கள். அடுத்த மூச்சில், பிரிவின் பெயரில் தங்கள் துறையும் வரவேண்டும் என்பார்கள். யாரையும் பகைத்துக்கொள்ளக்கூடாதே என்று மேடமும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பெயர் நீண்டது. கடைசியில் சான்றிதழ் அச்சடிக்கும் பிரிவுக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “அடிச்சுடலாம் மேடம். ஆனா பட்டம் வாங்குறவங்க பேருக்கு இடம் இருக்காது, பரவாயில்லையா?” மறுபடியும் ‘உலகவியல்’ என்றே வைத்தார்கள். நான்கு பேரும் மறுபடியும் முறுக்கிக்கொண்டார்கள்.

இந்த வருடத்தோடு மேடத்துக்கு ஓய்வு. அடுத்து வரப்போகிறவர், பொறுப்பேற்றதும் கட்டைகளையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு அவரவர் புத்தகத்தை அவரவர் அலமாரிக்கே அனுப்பிவிடப் போவதாக இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆக, போன வாரம் நடந்த கல்விக்குழுக் கூட்டம்தான் கடைசி வாய்ப்பு. அன்று மேடம் யாரையும் கிண்டல் செய்யவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

“எல்லாம் சரி. இதுல யார் வந்து சேரப் போறாங்க?” என்றார் புவியியல், தட்டிக்கழிக்கும் குரலில்.

“வெளியில உக்காந்திருக்காங்க” என்றார் மேடம்.

முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் உள்ளே வந்தார். நூலக அறிவியலில் முதுகலை படித்தவர். விமான நிலையத்தில், யாரும் கேட்டு வராத பெட்டிகளைப் பதிவு செய்யும் பிரிவில் வேலை. அந்தப் பெட்டிகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம்.

“ஒரு பெட்டி நிறைய சாவி சார். வேற ஒண்ணுமே இல்ல. அதை என்னன்னு பதியறதுன்னு யார்கிட்ட கேட்டாலும் கையை விரிக்கறாங்க.”

வரலாறு நிமிர்ந்து உட்கார்ந்தார். “சாவியா? வீட்டைப் பூட்டிட்டு ஓடினவங்க எடுத்துட்டுப் போனதும்மா அது. நம்ம துறை.”

“ஒரு பெட்டி நிறையவா? பழைய பித்தளை வியாபாரம் சார்! இதுல உங்களுக்கு என்ன வேலை?” என்றார் பொருளாதாரம்.

“சாவியில ஏதாவது எழுதிக் கட்டியிருக்கா?” என்று மெதுவாகக் கேட்டார் மொழியியல் அம்மா.

“சீட்டு கட்டியிருக்கு மேடம். பல பாஷையில.”

“அப்ப எங்க துறை. பேச்சே வேண்டாம்.”

“எந்த ஊர்ப் பூட்டுன்னு கண்டுபிடிக்காம எதைப் படிச்சுக் கிழிக்கப் போறீங்க?” என்று மேசையைத் தட்டினார், யார் வரப்போகிறார்கள் என்று கேட்ட அதே புவியியல்.

அறை சந்தைக்கடையானது. கூட்டத்தலைவர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். “முதல்ல ஒண்ணு சொல்லுங்கய்யா! இந்தப் பிரிவு வேணுமா, வேண்டாமா?”

“அட, வேணும்னுதான் எழுதிக்கோங்களேன்!” என்று எரிந்து விழுந்தார் பொருளாதாரம். “பொண்ணு யார்கிட்டன்னு சொல்லுங்க!” மற்ற மூவரும் அவசரமாகத் தலையாட்டிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தார்கள். நான் எழுதிக்கொண்டேன்: ஒருமனதாக ஒப்புதல்.

நிமிர்ந்து தள்ளுவண்டி மேடத்தைப் பார்த்தேன். இத்தனை நாள் வண்டியோடு ஓடிக்கொண்டிருந்தவர், மேசைக்கடியில் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி அந்தப் பெரிய நாற்காலியில் மடித்து வைத்து, சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.