பூஜைக்குப் போன ஸ்க்ரூடிரைவர்

அந்த லேசர் டிஸ்க் பிளேயரை அப்பா சிங்கப்பூரிலிருந்து ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தார். தோசைக்கல் அகலத்துக்கு ஒரே ஒரு டிஸ்க், அதில் கடலுக்கடியில் மீன்கள் நீந்தும் படம். பக்கவாதத்தில் பேச்சு போன பிறகு அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான். பெரிய மீன் வந்தால் இடது கையைத் தூக்கி 'ஆ' என்பார். மயிலாப்பூர் உப்புக்காற்றில் லென்ஸ் கெட்டு மெஷின் படுத்ததும் அந்தச் சத்தமும் நின்றது. சாப்பாட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தார். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

மாற்று லென்ஸ் தேடி ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறினேன். "இன்னா சார், இத்த வெச்சிகினு மாரடிக்கிறே? வி.சி.டி. வந்துகினு கீது, தூக்கிப் போடு" என்றான் ஒருவன். நியாயம்தான், இருந்தும் அவனை அறையலாம் போலிருந்தது. கடைசியில் தி. நகரில் மூடப்போகிற ஒரு ஓட்டலில் அதே மாடல் செத்துக் கிடந்தது. லென்ஸ் மட்டும் பிழைத்திருந்தது.

சரஸ்வதி பூஜையன்று காலையில் அதைப் பொருத்தினேன். மேல்மூடியைத் திருக வேண்டியதுதான் பாக்கி, ஸ்க்ரூடிரைவரைக் காணோம். புத்தகங்கள், அரிவாள்மணையோடு அம்மா அதையும் பூஜையில் வைத்துவிட்டாள். "இன்னிக்குத் தொடப்படாது. நாளைக்குக் காலம்பற எடுத்துக்கோ."

நாளைக்கு மீன் வரும் என்று அப்பாவிடம் சொன்னேன். தாடையைத் தடவிக் காட்டினார். சவரம் செய்துவிட்டேன்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு ஃப்ரிட்ஜ், டிவி, தையல் மெஷின் என்று ஒரு சுற்று வந்திருந்தாள். திறந்து கிடந்த பிளேயரின் லென்ஸ் மேலேயே சந்தனம், அதன் மேல் குங்குமம், நன்றாக அழுத்தி. "இதுக்கும் பொட்டு வெச்சுட்டேன்டா. இனிமே நன்னா ஓடும்" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து என்னால் கத்த முடியவில்லை. லென்ஸைத் தாங்கும் கம்பிகள் முடியைவிட மெலிசு, அவை அறுந்திருந்தன. பார்ட் சரியில்லை என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அப்பா டிவி முன்னால் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அடுத்த லென்ஸைத் தேடி அலைந்துகொண்டிருக்கும்போதே, மார்கழியில் போய்விட்டார்.

சாவு விழுந்த வருஷத்தில் எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. அடுத்த சரஸ்வதி பூஜை வந்தபோது பிளேயர் மூடாமல் அப்படியே கிடந்தது. அம்மா ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"இந்த வருஷம் நமக்குப் பூஜை இல்லையேடா. இன்னிக்கே திருகிக்கோ."