பெரிய ஹாலின் வார்ப்பு நாள்

1. மோட்டார்

கூரை வார்ப்பு பாதியில் இருக்கும்போது கான்கிரீட்டைக் கம்பியில் மேலே தூக்கும் ஹாய்ஸ்டின் மோட்டார் புகைந்து நின்றது. தொண்ணூறுகளில் நெய்யாற்றின்கரையில் மாநாட்டு மையம் கட்டிய சமயம். ஊர் நகரமாக வளர வேண்டுமானால் பெரிய கூட்டம் கூட நல்ல இடம் வேண்டும் என்று எல்லாக் கட்சியும் ஒரே குரலில் சொன்ன அபூர்வமான வேலை அது. பாறசாலைக்காரியான நான்தான் ஓவர்சீயர். என் பொறுப்பில் நடந்த முதல் பெரிய வார்ப்பு.

நடுவில் தூணே இல்லாத ஹால். கூரையைத் தாங்கும் பெரிய பீமை ஒரே ஓட்டமாக வார்க்க வேண்டும். இடையில் நின்றால் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாது, அந்த இடம் காலமெல்லாம் ஒழுகும். காரோடு ஊர்க்காரரான தாசன் மேஸ்திரி மேலிருந்து கூப்பிட்டார்.

"ஓவர்சீயரே, இன்னும் கொஞ்சம் தாமசிச்சா பீமுக்க கதை கழிஞ்சு. இங்க ஆளு உண்டு, சரக்கு இல்ல."

காட்டாக்கடையிலிருந்து வேறு மோட்டார் வரச் சாயங்காலம் ஆகிவிடும். ஹாய்ஸ்டை நம்பிச் சித்தாள்களைக் குறைத்திருந்தோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

2. கேட்

கேட்டுக்கு வெளியே நீலச் சட்டையில் சுமட்டுத் தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஒரு வட்டாரத்தில் சுமை ஏற்றுவதும் இறக்குவதும் அங்குள்ள சுமட்டு யூனியனின் உரிமை. ஹாய்ஸ்ட் வந்திறங்கிய அன்று அவர்களின் தலைவர் சுகுமாரண்ணனுக்கும் எனக்கும் பெரிய சண்டை.

"தலையில ஏறுறது எல்லாம் எங்களுக்க வேலையாக்கும்" என்றார் அவர்.

"இது தலையில ஏறாது, கம்பியில ஏறும்" என்று நானும் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதோடு பேச்சு நின்றது.

இப்போது அவரிடமே போனேன். என்ன முகத்தோடு போனேன் என்று கேட்காதீர்கள்.

"அண்ணா, மோட்டார் போச்சு. இனி சரக்கு தலையிலதான் ஏறணும்."

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "அப்பம் அது எங்களுக்க வேலை. நீங்க எதுக்குக் கெஞ்சுறீங்க?" பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "எலே, சும்மாடு கெட்டுங்கலே" என்றார்.

சாரத்தில் பலகை போட்டு ஏறுவழி அமைத்தோம். சித்தாள் பெண்களும் நீலச் சட்டைக்காரர்களும் ஒரே வரிசையில் சட்டி சுமந்து ஏறினார்கள். என்னைக் கடக்கும்போதெல்லாம் சுகுமாரண்ணன், "கம்பி சுகமா இருக்கா ஓவர்சீயரே?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். வெயில் தாழும் முன்பே பீம் முடிந்தது. வார்ப்பு நாளில் வேலைக்காரர்களுக்குக் மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் போடுவது வழக்கம். அன்று எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

3. திறப்பு விழா

விழாவில் எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சுகுமாரண்ணன் மட்டும் அண்ணாந்து பீமைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வார்ப்பு எந்த இடத்துல நின்னுதுன்னு கண்டுபிடிக்க முடியல்லியே, மக்கா."

"நீங்க நிக்க விட்டாத்தானே அண்ணா தெரியும்" என்றேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, ஸ்பேர் மோட்டார் இல்லாமல் வார்ப்பைத் தொடங்காதீர்கள். கேட்டில் இருப்பவர்களோடு சண்டை வந்தால் போடுங்கள், ஆனால் பேச்சை விட்டுவிடாதீர்கள். அன்று சுகுமாரண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் நான் இந்தத் தொழிலிலேயே இருந்திருக்க மாட்டேன். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை உண்டு.

மழைக்காலத்தில் அந்த ஹாலுக்குப் போனால் இப்போதும் முதலில் மேலேதான் பார்ப்பேன். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை.