ஹாங்காங் பேச்சுவார்த்தையும் எங்கள் தெருத் தொலைபேசியும்

வெள்ளைக்காரர்கள் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைக்க இருந்த சமயம் அது. அங்கே ரத்தினக்கல் வியாபாரம் செய்த என் வீட்டுக்காரர், நான் இருந்த காயல்பட்டினத்துக்கே திரும்பிவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். போகும் முன் தேர்தல் முறையை மாற்ற வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் நின்றார்கள். சீனா ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சு முடியட்டும் என்பார் அவர்.

எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் போன். பேசப் போனால் அந்த வீட்டு மாமியும் மருமக்களும் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் முன்னால் 'வாங்க' என்று சொல்ல எனக்கு வெட்கம். தேர்தலைப் பற்றியே கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

ஒருநாள், "பேச்சு முறிஞ்சு போச்சு புள்ள" என்றார்.

"அப்ப ஓட்டு விசயம் என்னாகும் மச்சான்?"

மாமி ரிசீவரைப் பிடுங்கினார். "ஏ மாப்புள, அவனுவ எப்படியும் போறானுவ. ஒம்ம பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீரா?"

ரிசீவர் என் கைக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "வந்துருங்க மச்சான்" என்றேன்.

"அடியே, நீ எப்பவும் தேர்தலயே கேக்கியா, நான் இங்கனயே இருக்கணும்னு ஒனக்கு ஆசைன்னுல்லா நெனச்சிருந்தேன்! பெருநாளைக்குள்ள வந்துருதேன்."

நான் போனை வைப்பதற்குள் மாமி வாசலுக்குப் போய்த் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.