அண்ணனின் ரிக்ரெட்

என் அண்ணன் கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்து விற்கிறவர். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. தமிழில் கேட்டால் கௌரவம் போய்விடும், இங்கிலீஷில் என்றால் போகாதாம். மகன் கல்யாணம் நெருங்கியதும், கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற தங்கையான என் நினைப்பு அவருக்கு வந்துவிட்டது.

“ஏங்கண்ணு, உங்கக்காளுக்கு ஒரு மெசேஜ் போடோணும். நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லு.”

விஷயம் இதுதான். போன வருஷம் பொள்ளாச்சிப் பக்கம் அக்காவின் கணவர் இறந்துபோனார். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை உடன்பிறந்தவன் தன் கையால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அண்ணனுக்கு அன்று வெளிநாட்டுக்காரர்களோடு மீட்டிங். டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். அந்த மனிதர் கடைப்பையும் கையுமாக, இதை யாரிடம் கொடுப்பது என்று எழவு வீட்டில் விசாரித்துக்கொண்டிருந்தார். அக்கா அதைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுப் பக்கமும் போகவில்லை. இப்போது சம்பந்தி வீட்டார் மாப்பிள்ளையின் அத்தை எங்கே என்று கேட்பார்களே, அண்ணனுக்கு அந்தப் பயம்தான்.

சரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வோம் என்று ஆரம்பித்தேன். ரிமோர்ஸ் என்றால் லத்தீனில் திரும்பக் கடிப்பது. செய்த காரியம் ஆளை உள்ளுக்குள் கடிக்க வேண்டும். “கடிக்கறதெல்லாம் எதுக்கு” என்றார். கன்ட்ரிஷன் என்றால் நசுங்கிப் பொடியாவது. அண்ணனைப் பார்த்தால் நசுங்கியவர் போலத் தெரியவில்லை. அப்பாலஜி, கிரேக்கத்தில் தன் கட்சியை எடுத்துச் சொல்லி வாதாடுவது.

“இது உங்களுக்கே அளவெடுத்துத் தெச்சதுங்கண்ணா” என்றேன்.

அமென்ட்ஸ் என்றால் குறையைச் சரிசெய்வது, அதற்கு நேரில் போக வேண்டும் என்றும் சொன்னேன். “நேரமிருந்தா உன்னை ஏன் கேக்கறேன்” என்றார்.

கடைசியில் ரிக்ரெட்டைப் பிடித்துக்கொண்டார். பழைய பிரெஞ்சில் அது செத்தவர்களை நினைத்து அழுவதற்கான சொல் என்றேன். “அப்ப பொருத்தமாத்தான் இருக்குது” என்றார், எழவு வீட்டுக்கே வராத மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘டீப்லி ரிக்ரெட்’ என்ற இரண்டு வார்த்தை, கைகூப்பும் பொம்மையோடு போனது.

அக்கா எனக்குப் போன் போட்டு அர்த்தம் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அண்ணனை எங்க ஊட்டுக்கு வந்து ஒருவாய் சாப்புட்டுப்போட்டுப் போகச் சொல்லு. அது போதும் எனக்கு.”

அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். மறுநாள் அக்கா வீட்டுக்கு ஆப்பிள் கூடை போயிற்று. கொண்டுபோனவர் அதே டிரைவர்.

ஆனாலும் கல்யாணத்துக்கு அக்கா வந்தாள். மாப்பிள்ளைப் பையன் தலையில் அட்சதை போட்டாள், பந்திக்குப் போகாமல் கிளம்பினாள். எங்கள் பக்கத்தில் கை நனைக்காமல் போனால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். மண்டப வாசலில் சம்பந்தியோடு நின்றிருந்த அண்ணனுக்கு வியர்த்துவிட்டது.

“ஏனம்மணி, ஒருவாய் சாப்புடாமப் போறயே?”

அக்கா இரண்டு கையும் கூப்பினாள்.

“டீப்லி ரிக்ரெட்டுங்கண்ணா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.