இரண்டாவது கரண்டிக் குழம்பு

எனக்கு வாயும் நீளம், நாக்கும் நீளம். அப்படிப்பட்டவளைப் போய்ச் சமாதானக் குழுவில் சேர்த்தது மறைமாவட்டத்தின் தலையெழுத்து. அப்போது நான் ராமநாதபுரத்தில் ஆசிரியை. லீவு நாட்களில் ஒரு சாமியாரோடு பஸ் ஏறி, சண்டை வந்து இரண்டுபட்டுக் கிடக்கும் மாதா கோயில்களுக்குப் போவேன். அவர் ஆண்களிடம் பேசுவார், நான் பெண்களிடம். ஆண்கள் கூட்டத்தில் சொல்வது ஒன்று, வீட்டில் சொல்வது ஒன்று. ஆகையால் உருப்படியான சேதியெல்லாம் எனக்குத்தான் கிடைக்கும், அதுவும் அடுப்படியில்.

இந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. யார் வீட்டில் கை நனைக்கிறோமோ அவர்கள் கட்சி என்று கடற்கரையில் முடிவு கட்டிவிடுவார்கள். எனவே ஒரு தெருவில் டீ குடித்தால் மறு தெருவிலும் டீ. ஒரே மத்தியானத்தில் இரண்டு வீட்டுச் சோறு தின்ற நாட்கள் உண்டு. சாமியாருக்குப் பாவம், சின்ன வயிறு, இரண்டாவது இலையைக் கண்டாலே வேர்த்து ஊற்றும். எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் எந்த வருத்தமும் கிடையாது.

எண்பதுகளின் கடைசியில், தொண்டிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊர். திருவிழாச் சப்பரம் முதலில் எந்தத் தெருவுக்குத் திரும்புவது என்று விசைப்படகு வைத்திருந்த மேற்குத் தெருவும், சின்ன நாட்டு வள்ளம் வைத்திருந்த கிழக்குத் தெருவும் கட்டிப் புரண்டிருந்தன. கடைசியில் கோயில் கதவில் ஆளுக்கொரு பூட்டு. பதினாலு மாதமாகப் பூசை இல்லை, மாதா உள்ளே தன்னந்தனியாக இருந்தாள்.

கூத்தைக் கேளுங்கள். மேற்குத் தெருப் பூட்டைப் போட்ட தலைவரின் மகளுக்கே கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சவுதியிலிருந்து லீவில் வந்தவன். எட்டே நாளில் தவக்காலம், அப்புறம் நாற்பது நாளைக்குக் கல்யாணம் வைக்க முடியாது, அதற்குள் அவன் விமானம் ஏறிவிடுவான். கோயிலையே பூட்டுகிற வீட்டில் சம்பந்தம் எதற்கு என்று மாப்பிள்ளையின் தாயார் வேறு முணுமுணுக்க ஆரம்பித்திருந்தாள். அடுத்த ஊர்க் கோயிலில் வைத்தால் என்ன என்று சாமியார் கேட்டார்.

"எம் மகளுக்குத் தாலி ஏறுனா நம்ம மாதா முன்னாடிதான் ஏறணும். ஆனா நான் மொதல்ல பூட்டத் தெறக்க மாட்டேன் சாமி" என்றார் தகப்பன். என்ன மனுசனோ!

அந்தப் பெண் கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டே என்னைக் கேட்டாள். "டீச்சர், எங்கய்யாவுக்கு நான் பெருசா, சப்பரம் பெருசா?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அடைத்த தொண்டையிலும் அவள் அம்மா வைத்த விளமீன் குழம்பு இறங்கியதை நான் மறைக்க மாட்டேன். போதாததற்கு இன்னொரு கரண்டி கேட்டும் வாங்கினேன். அடுத்து கிழக்குத் தெருத் தலைவர் வீடு. அன்று வள்ளங்கள் கடலுக்குப் போகாததால் அங்கே கருவாட்டுக் குழம்பு. ஒரு கரண்டியோடு போதும் என்று கையை மறித்துவிட்டேன்.

மறுநாள் வலைக் கொட்டகையில் கூட்டம். இருவரும் ஒரே நேரத்தில் திறப்பது என்று சாமியார் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் கிழக்குத் தெருத் தலைவரின் மனைவி எழுந்தாள்.

"அங்கன ரெண்டு தடவ கொழம்பு கேட்டு வாங்குனாகளாம். எங்க வீட்ல ஒரு கரண்டியோட கைய மறிச்சாக. இவுகளா நமக்கு நியாயம் சொல்றது?"

கிழக்குத் தெரு மொத்தமும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தது. சாமியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா! என் நாக்கால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் பதறியது. பதறினால் எனக்குக் கோபம்தான் வரும்.

"ஆமா, வாங்குனேன்! கட்சி சேரவா வாங்குனேன்? எறக்குற நேரத்துல வெந்தயத்த வறுத்துப் பொடிச்சுத் தூவி ஒருத்தி கொழம்பு வச்சா, எந்தக் கட்சிக்காரி வேணாம்பா?" என்று கத்தினேன்.

"வெந்தயமா?" என்றாள் கிழக்குத் தெருக்காரி.

பெண்ணின் தாய் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். "ஒங்க கைப்பக்குவந்தான் மதினி. நான் கட்டிக்கிட்டு வந்த புதுசுல நீங்கதான பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தீக. எனக்கு வேற மாதிரி வைக்கத் தெரியாது" என்று சொல்லும்போதே குரல் உடைந்தது.

மதினிக்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புருசன் பக்கம் திரும்பினாள். "சாவிய எடுங்க. அந்தப் புள்ள என் இடுப்புல இருந்து வளந்தது. சப்பரம் எந்தப் பக்கம் திரும்புனா என்னவாம், அது வாழ வேணாமா?"

தவக்காலத்துக்கு இரண்டு நாள் முன்பு கல்யாணம். தலைவர்கள் இருவரும் கோயில் வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கிழக்குத் தெருப் பூட்டு உடனே திறந்தது. தகப்பன் போட்ட பூட்டு உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது. பின்னால் பட்டுச்சேலையில் மகள் நிற்கிறாள். எவ்வளவு முறுக்கியும் சாவி திரும்பவில்லை. பதினாலு மாதம் பேசாத மனிதர் பக்கத்தில் வந்து, "கொண்டா மச்சான்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். பூட்டு கழன்றதும் தகப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். கதவைத் தள்ள அவருக்குத் தெம்பில்லை, மகள்தான் தள்ளினாள்.